உச்சிமாகாளியின் வலது கை

மேலகரத்து உச்சிமாகாளிக்கு வருஷத்தில் மூன்று மாதம்தான் பிழைப்பு. சாரல் விழத் தொடங்கினால் ஐந்தருவிக்குப் போய்விடுவான். குளிக்க வருகிறவர்களைப் பாறையில் உட்கார வைத்து, எண்ணெய் தேய்த்து, கழுத்தும் முதுகும் பிடித்துவிட்டு அருவிக்குள் அனுப்புவது அவன் வேலை. ஆனி, ஆடி, ஆவணியில் கிடைப்பதை வைத்துத்தான் மற்ற மாதங்களில் உலை கொதிக்க வேண்டும்.

அதற்கு முன்னால் அவன் பட்டாளத்துக்காரன். ஏழு வருஷம் முடித்து ரிசர்வில் ஊருக்கு வந்தவன். ரிசர்வ் என்றால் கூப்பிடும்போது திரும்பிப் போக வேண்டும். ஊரில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, அவனும்தான். அறுபத்தொன்றில் கூப்பிட்டார்கள். காங்கோவுக்குக் கப்பல் ஏறுவதற்கு முன் ஒரு சின்ன லீவில் வந்து போனான்.

"கடலைத் தாண்டி யாரு வீட்டுச் சண்டைக்குப் போறீங்க?" என்று மனைவி முப்பிடாதி கேட்டாள்.

"ஐ.நா. சபை அனுப்புதுட்டி."

"அவங்க நமக்கு என்ன ஒறவு?"

காங்கோவில் ரோட்டோரத்தில் வெடித்த குண்டின் சில்லு அவன் வலது புஜத்தில் ஏறியது. எடுத்தார்கள். புண் ஆறியது. விரல்கள் மடங்கின, பிடித்தன. ஆனால் முழங்கைக்குக் கீழே தொட்டால் தெரியவில்லை. ஆஸ்பத்திரி டாக்டர் ஊசியால் குத்திக் குத்திக் கேட்டார். தெரியவில்லை என்று சொன்னால் இன்னும் பல மாதம் கட்டிலில் போட்டுவிடுவார்கள் என்று உச்சிமாகாளிக்குப் பயம். ஐந்தருவிப் பாறையில் ஒரு வழக்கம் உண்டு. இரண்டு சாரலுக்கு வராதவன் மூன்றாம் சாரலின் முதல் நாளும் வராவிட்டால், அவன் இடம் அடுத்தவனுக்கு. அவன் இரண்டைத் தவறவிட்டிருந்தான். ஓரக்கண்ணால் ஊசியைப் பார்த்துக்கொண்டே, அது இறங்கும்போதெல்லாம் "தெரியுது சார்" என்றான். டாக்டர் முதுகில் தட்டி அனுப்பி வைத்தார். நல்ல கையோடு போகிறவனுக்கு ஊனப் பென்ஷன் ஏது?

அறுபத்து மூன்று வைகாசியில் வீடு வந்தான். மறுநாளே முப்பிடாதியைக் குப்புறப் படுக்கச் சொல்லி முதுகில் எண்ணெய் விட்டான்.

"கை மரத்துக் கெடக்கு. அழுத்தம் சரியா விழுதான்னு நீதான் சொல்லணும்."

அவள் சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டாள். "நல்லாத்தான் இருக்கு. முன்னைக்கு இப்பப் பதமா விழுது."

அவன் இல்லாத காலமெல்லாம் பீடி சுற்றி வயிற்றைக் கழுவியவள் அவள். பாறையை விட்டால் அவனுக்கு வேறு வேலை தெரியாது என்பதும் அவளுக்குத் தெரியும். தினமும் படுத்தாள். தினமும் அதையே சொன்னாள்.

சாரல் விழுந்த முதல் நாள் விடியும்போதே அவன் பாறையில் நின்றான். அவன் இடத்தில் இருந்த வேல்சாமி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நகர்ந்தான். அங்கே எண்ணெய் தேய்க்கிறவர்களில் மூத்தவரான சங்கிலிப்பாண்டி சிரித்தார்.

"வாரும்வே காங்கோ! அங்கன அருவி உண்டுமா?"

"உண்டு அண்ணாச்சி. குளிக்கத்தான் விட மாட்டான்."

முதலில் வந்தவர் விருதுநகர் மளிகைக்காரர். நல்ல கனத்த உடம்பு. "பட்டாளத்துக் கையா? இறுக்கியே பிடியும்" என்று உட்கார்ந்தார். உச்சிமாகாளி கழுத்திலிருந்து தோளுக்கு இறங்கினான். அவர் முனகினார். பாறையில் முனகாத ஆள் கிடையாது. அவன் அதைக் கணக்கில் எடுக்கவில்லை. சொடக்கு எடுக்க அவர் கையைப் பின்னால் மடக்கினான். ஒரு கட்டத்துக்கு மேல் உடம்பு எதிர்த்து நிற்கும். அங்கே கை தானாக நின்றுவிடும். அன்று நிற்கவில்லை. மளிகைக்காரர் போட்ட சத்தம் அருவிச் சத்தத்தையும் தாண்டிக் கேட்டது. தோள் மூட்டு இறங்கிக் கை தொங்கியது. கூட வந்தவர்கள் அவரைத் தூக்கிக்கொண்டு தென்காசிக்கு ஓடினார்கள். போகிறபோது ஒருவன் உச்சிமாகாளியைக் கன்னத்தில் அறைந்தான். அது நன்றாக உறைத்தது.

சங்கிலிப்பாண்டி அவனைத் தனியே கூப்பிட்டார்.

"அங்கிட்டுத் திரும்பி நில்லும். வலது கையைப் பின்னால நீட்டும்." நீட்டினான். "நகத்தை அமுக்குதேன். தெரியுதாவே?"

"தெரியுது அண்ணாச்சி."

"நான் இன்னும் தொடவே இல்லவே."

அவர் கோபப்படவில்லை. "எண்ணெயைச் சூடு பண்ணிக் குடுத்துட்டு இரும். ஆள் மேல கை வைக்கக் கூடாது" என்றார். வேல்சாமி பழைய இடத்தில் வந்து துண்டை விரித்தான். உச்சிமாகாளி எண்ணெய்ச் சட்டியைப் பார்த்தான். படி இறங்கி வீட்டுக்கு நடந்தான்.

முப்பிடாதி பீடித் தட்டை மடியில் வைத்திருந்தாள். நடந்ததைச் சொல்லிவிட்டு, "முதுகைக் காட்டுட்டி" என்றான். அவள் மாட்டேன் என்றாள். அவன் நகராமல் நின்றான். கடைசியில் திரும்பி ரவிக்கையைத் தளர்த்தினாள். தோள்பட்டையிலிருந்து இடுப்பு வரை கன்றிப்போய், பழைய நீலத்தின்மேல் புது நீலம் ஏறியிருந்தது.

"ஏன் சொல்லல?"

"சொன்னா பாறைக்குப் போயிருக்க மாட்டீங்க."

"போகாம இருந்திருக்கலாம்லா. ஒரு மனுசன் தோளு தப்பிச்சிருக்கும்."

"போகாம? மோட்டுவளையைப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பீங்க. நீங்க இல்லாத ரெண்டு வருசமும் நான் அதைப் பாத்தாச்சு. அதுல ஒண்ணும் இல்ல."

அவன் வலது கையை மடக்கி விரித்துப் பார்த்தான். பிறகு, "புளியறையில லாரிக்கு மூட்டை ஏத்த ஆள் கேக்காங்க" என்றான்.

"போங்க. மூட்டைக்கு வலிக்காது."

இரண்டு பேருக்கும் சிரிப்பு வரவில்லை. அவன் கிண்ணத்தில் கொஞ்சம் எண்ணெய் எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். அவள் சட்டென்று சுவரோரம் ஒதுங்கினாள்.

"இடது கைதான்ட்டி."

"தெரியும். ஆனா முதுகு பயப்படுதே, நான் என்ன செய்ய?"

உச்சிமாகாளி கிண்ணத்தை அவள் பக்கம் தள்ளி வைத்துவிட்டு, புளியறைக்கு முதல் பஸ் எப்போது என்று விசாரிக்க வெளியே போனான்.