தாய்மாமன் கட்டிய குடிசை

என் அண்ணனுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. எங்கள் ரப்பர் தோட்டத்தில் அதைச் சொல்லிக் கூப்பிட்டவர்கள் குறைவு. லூசு என்பார்கள். மறை கழண்டது என்பார்கள். பக்கத்துக் கிராமத்துச் சிங்கள ஆட்கள் பிஸ்ஸா என்பார்கள். சின்னப் பிள்ளைகள் தங்களுக்குள் சண்டை போட்டால்கூட, "ஒன்னய அங்கொடைக்குத்தான் அனுப்பணும்" என்று சொல்லி, எங்கள் வீட்டுப் பக்கம் பார்த்துச் சிரிப்பார்கள். அங்கொட என்றால் பைத்திய ஆஸ்பத்திரி. கொஞ்சம் மரியாதை தெரிந்தவர்கள் "அவன் ஒரு மாதிரி" என்று நிறுத்திக்கொள்வார்கள். எனக்கு அதுதான் அதிகம் எரியும். லூசு என்றால் திருப்பித் திட்டலாம். ஒரு மாதிரிக்கு என்ன சொல்வது.

அண்ணன் யார் முகத்தையும் பார்க்க மாட்டார். கூப்பிட்டால் உடனே திரும்ப மாட்டார். சட்டையை உள்பக்கம் வெளியே வருகிற மாதிரித்தான் போடுவார். தையல் உடம்பில் உரசினால் அவருக்கு ஆகாது. தப்பு மேளச் சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு ரப்பர் மலைக்குள் போய்விடுவார். இவ்வளவுதான். மற்ற ஆட்களைப் போல ரப்பர் மரத்தில் பால் வெட்டினார். அவர்களைவிட நன்றாகவும் இல்லை, மோசமாகவும் இல்லை. "லூசா இருந்தாலும் வேலக்காரன்" என்று சிலர் எனக்கு ஆறுதல் சொல்வார்கள். வேலை செய்யாவிட்டாலும் என் அண்ணன்தான் என்பேன்.

அப்பாவும் அம்மாவும் போன பிறகு அண்ணன் மேல் லயத்து வரிசை வீடுகளில், எங்கள் பழைய ஒற்றை அறைக் காம்பராவில் தனியாக இருந்தார். நான் கட்டிக்கொடுத்துக் கீழ் லயத்துக்கு வந்தவள். இரண்டு நேரமும் சோறு என் வீட்டில்தான்.

வடக்கில் சண்டை கொஞ்சம் ஓய்ந்து, ரோட்டில் ஆமி செக்கிங் குறைந்திருந்த காலத்தில் என் மகள் பெரிய மனுசி ஆனாள்.

எங்கள் ஆட்களிடம் ஒரு முறை உண்டு. பிள்ளை பெரிய மனுசியானால் தாய்மாமன் பச்சை ஓலையில் குடிசை கட்ட வேண்டும். சடங்கு வரைக்கும் பிள்ளை அதில் இருக்கும். சடங்கன்று முதல் சொம்புத் தண்ணீரும் மாமன்தான் ஊற்ற வேண்டும். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள்.

என் மாமியார் அன்று காலையிலேயே ரம்புக்கனைக்கு ஆள் அனுப்பிவிட்டார். அங்கே என் பெரியப்பா மகன் கடை வைத்திருந்தார். அவரும் எனக்கு அண்ணன் முறைதான்.

"கூடப் பொறந்த அண்ணன் இருக்கும்போது அவரு எதுக்கு அத்தை?" என்று கேட்டேன்.

"அந்த லூசையா நிக்க வைக்கப் போற? முதல் தண்ணி ஊத்துற கை நல்ல கையா இருக்க வேணாமா?"

"அந்தக் கைக்கு என்னா கொற?"

"கைக்குக் கொறயில்ல. தலைக்குத்தான்" என்றார். பிறகு கொஞ்சம் இறங்கி, "கோவிச்சுக்காத புள்ள. ஒலகத்துக்கே தெரிஞ்சதுதான். அன்னைக்கு ஆமிக்காரன் புடிச்சப்ப அவன காப்பாத்துனதே அந்தப் பேருதான்" என்றார்.

அது நடந்தது உண்மை. சில வருசத்துக்கு முன்னால் கேகாலைக்குப் போகும் வழியில் பஸ்ஸை நிறுத்தி எல்லாரையும் இறக்கினார்கள். ஆமிக்காரன் அண்ணனிடம் பெயரைக் கேட்டான். அண்ணன் அவன் காலில் இருந்த சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். தமிழ் ஆள், வாய் திறக்காத ஆள். அவன் அண்ணனின் தோளைப் பிடித்து லொறிப் பக்கம் திருப்பினான். நான் பக்கத்தில் நின்று அண்ணன் பெயரைத் திரும்பத் திரும்பச் சொன்னேன். யாரும் காதில் வாங்கவில்லை. அப்போது பஸ் கொண்டக்டர் சிரித்துக்கொண்டே, "மெயாட்ட பிஸ்ஸு மாத்தியா, அரின்ன" என்றான். இவருக்குப் பைத்தியம் ஐயா, விட்டுவிடுங்கள் என்று. ஆமிக்காரனும் சிரித்தான். விட்டுவிட்டான். கொண்டக்டர் நல்ல மனசோடுதான் சொன்னான். அவன் நன்றாக இருக்கட்டும். ஆனால் அண்ணனுக்குப் பெயர் இருந்தது. நான் அதைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன்.

மாமியாரிடம் அதற்கு மேல் பேசவில்லை. பிள்ளையை மூலையில் உட்கார வைத்துவிட்டு மலைக்குப் போனேன்.

அண்ணன் ஒரு மரத்தில், பழைய வெட்டில் காய்ந்திருந்த ஒட்டுப்பாலை உரித்துக்கொண்டிருந்தார். "அண்ணே, பாப்பா பெரிய மனுசி ஆயிருச்சு. நீங்கதான் மாமன். குடிசை கட்டணும்" என்றேன். அவர் திரும்பவில்லை. பட்டையில் கத்தியை வைத்துக் கோடு முடியும் வரை இழுத்தார். பால் சிரட்டையில் விழத் தொடங்கியதும் அடுத்த மரத்துக்குப் போனார். நான் இறங்கி வந்துவிட்டேன். அவர் காதில் விழுந்தது எனக்குத் தெரியும்.

மத்தியானம் வரை கீழ் லயத்து வாசலுக்கு அவர் வரவில்லை. வேனில் கடைக்கார அண்ணன்தான் வந்தார். தட்டு, பழம், பட்டுச் சேலை எல்லாம் கொண்டுவந்திருந்தார். நல்ல மனுசன். குரலைத் தாழ்த்தித்தான் பேசினார்.

"தங்கச்சி, அவன நான் தப்பா ஒண்ணும் சொல்லல. பாவம், அவன் ஒரு மாதிரி. நாலு பேரு முன்னால நிக்க ஒரு ஆளு வேணும்ல?"

"ஆளு இருக்கு அண்ணே" என்றேன்.

"எங்க?"

அதற்குள் மேல் லயத்துப் பெண் ஒருத்தி சேலையால் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டே வந்தாள். "அக்கா, ஒங்கண்ணன் பண்ணுன கூத்தைக் கேளுங்க. பொம்பளப் புள்ள இல்லாத வாசல்ல குடிசை கட்டி வச்சிருக்கு. உள்ளுக்குப் பாய் வேற விரிச்சிருக்கு. யாரு போய்ப் படுக்கிறது, நாயா?"

வாசலில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். மாமியார் தலையில் கை வைத்தார். "நான் சொன்னேனா இல்லையா? லூசுக்கு வாசல் கூடத் தெரியல."

எனக்கு உடனே விளங்கியது. நான் பெரிய மனுசியானபோது எங்கள் மாமன் குடிசை கட்டியது மேல் லயத்து வாசலில். ஓலை சுமந்தது அண்ணன். குடிசை கட்டு என்று சொன்னேன், எந்த வாசல் என்று சொல்லவில்லை. குடிசை எங்கே கட்டுவார்களோ அங்கே கட்டிவிட்டார்.

"பிரிச்சு இங்க கொண்டாரச் சொல்லலாம்" என்றார் கடைக்கார அண்ணன்.

"கட்டுன குடிசையை சடங்குக்கு முன்ன பிரிப்பாங்களா?" என்று கேட்டேன். பிரிக்கக் கூடாது என்பது எல்லாருக்கும் தெரியும்.

உள்ளே போய் மகளிடம் கேட்டேன். "மேல் லயம் வரைக்கும் நடப்பியா?"

"மாமா கட்டுனது ஒழுகுமா?"

"மழ பேஞ்சா ஒழுகும்."

"அப்பிடின்னா ரெண்டு போர்வை எடுங்கம்மா" என்றாள்.

மாமியார் வாசலை மறித்தார். "பட்டப்பகல்ல, ஆம்பளைங்க கண்ணுல பட, தீட்டுப் புள்ளய நடத்திக் கூட்டிப் போவியா? ஊரு சிரிக்கும்."

"இவ்வளவு நாளும் சிரிச்சதுதானே அத்தை."

ஒரு போர்வையை மகள் தலையோடு போர்த்தினேன். கையில் இரும்பு கொடுக்க வேண்டும். என் பால்வெட்டுக் கத்தியைக் கொடுத்தேன். எனக்கு ஒரு பாயையும் மற்றப் போர்வையையும் அவள் தட்டையும் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தேன்.

மேல் லயத்துக்கு வேறு பாதை இல்லை. பால் நிறுக்கும் ஸ்டோரைத் தாண்டித்தான் போக வேண்டும். வெட்டு முடிந்து ஆட்கள் வாளியோடு வரிசையில் நின்ற நேரம். என் புருசனும் நின்றார். தராசுப் பக்கம் கங்காணி. எல்லாரும் எங்கள் பக்கம் திரும்பினார்கள். கங்காணிக்குச் சும்மா இருக்க முடியாது.

"என்னா, லூசு கட்டுன மாளிகைக்குக் குடி போறீங்களா?"

நான் நின்றேன். நின்றிருக்கத் தேவையில்லை. ஆனால் நின்றேன்.

"எங்கண்ணன் கட்டுன குடிசைக்குப் போறோம் கங்காணி. மாமன் முறை. சடங்குச் சோறு திங்க நீங்களும் வாங்க. ஆனா அங்க வந்து அந்தப் பேரைச் சொன்னா எல போட மாட்டேன்."

"கங்காணிக்கே எல இல்லயா?"

"யாருக்கும் இல்ல. எங்க அத்தைக்கும் இல்ல."

வரிசையில் யாரோ செருமினார்கள். கங்காணி என் புருசனைப் பார்த்தார். 'பொண்டாட்டிய அடக்க மாட்டியா' என்கிற பார்வை. என் புருசனும் அதுவரைக்கும் மற்றவர்கள் சிரித்தால் கூடச் சிரிக்கிற ஆள்தான். அன்று நிறுக்காத பால் வாளியை அப்படியே வைத்துவிட்டு வந்து, என் கையிலிருந்த பாயை வாங்கிக்கொண்டார்.

"நடங்க" என்றார்.

மேல் லயத்தில் அண்ணன் குடிசைக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். மகள் குனிந்து உள்ளே போனாள். அண்ணன் அவளைப் பார்க்கவில்லை. ஓலை ஒன்று சரிந்திருந்தது. எழுந்து அதைச் செருகினார்.

சடங்கு வரைக்கும் மகள் குடிசையில் இருந்தாள், துணைக்கு நான் பழைய காம்பராவில் தங்கினேன். இரண்டு நாள் மழை பெய்தது, ஒழுகியது. வருகிற பெண்கள் வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு "ஒங்கண்ணன்" என்று சொல்லப் பழகினார்கள். பழகாதவர்கள் வரவில்லை.

சடங்குக்கு முதல் நாள் தப்புக்காரர்களை வர வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன். மாமியார் அதற்காகவே மலையேறி வந்தார்.

"மேளமில்லாம ஒரு சடங்கா? சாவு வீட்டுல கூட அடிப்பாங்களே."

"மேளம் வேணுமா, மாமன் வேணுமா?"

"ரெண்டும்தான் வேணும்."

"ரெண்டும் ஒண்ணா நிக்காது அத்தை. ஒங்களுக்குத் தெரியாதா?"

மாமியார் குடிசைக்குள் பேத்தியைப் பார்த்தார். உட்கார்ந்து காய் வெட்டத் தொடங்கினார்.

அண்ணனுக்குப் புதுச் சட்டை எடுத்திருந்தேன். காலையில் நானே அதை உள்பக்கம் வெளியே வரத் திருப்பி, அப்படியே மடித்துக் கொடுத்தேன். போட்டுக்கொண்டார். கங்காணியும் வந்திருந்தார். சட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வாழை இலை அடுக்கியிருந்த பக்கம் பார்த்தார். ஒரு ஓரமாகப் போய் உட்கார்ந்தார்.

மகளைப் பலகையில் உட்கார வைத்தோம். அண்ணன் கையில் சொம்பைக் கொடுத்தேன். அவர் எல்லார் தலைக்கும் மேலே, எதிர் மலையைப் பார்த்துக்கொண்டு ஊற்றினார். தண்ணீர் தலையில் விழவில்லை. பலகையில் விழுந்தது. கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. "பாருங்க, அதான் அப்பவே..." என்று யாரோ தொடங்கினார்கள்.

மகள் உட்கார்ந்தபடியே நகர்ந்து, தண்ணீர் விழுகிற இடத்தில் தலையை வைத்தாள். மிச்சத் தண்ணீர் முழுக்க அவள் உச்சியில் இறங்கியது.

மாமியார் அந்தக் குரல் வந்த பக்கம் திரும்பினார். "மாமன் ஊத்தியாச்சு" என்றார்.

அண்ணன் சொம்பைக் கீழே வைத்துவிட்டுத் தள்ளி நின்றார். நான் அதை எடுத்து நிரப்பிக் கடைக்கார அண்ணன் பக்கம் நீட்டினேன்.

"வாங்கண்ணே. ரெண்டாவது நீங்க."