நாலாவது பாட்டில் இருந்த கீறல்

வானொலி நிலையத்தின் பின்பக்கம், ஜன்னல் இல்லாத ஓர் அறையில் அவருக்கு வேலை. அலமாரி அலமாரியாக அடைந்து கிடக்கும் சிடிகளைக் கணினிக்கு ஏற்ற வேண்டும். ஏற்றினால் போதாது, ஏறியது சரிதானா என்றும் பார்க்க வேண்டும். கணினி படித்து முடித்ததும் ஒவ்வொரு பாட்டுக்கும் ஓர் எண் வரும். அதே சிடியை உலகத்தில் யார் யாரோ ஏற்றியிருப்பார்கள்; அவர்களுக்கு வந்த எண்களெல்லாம் இணையத்தில் ஓரிடத்தில் சேர்ந்திருக்கும். நம் எண் அதோடு ஒத்துப்போனால் திரையில் பச்சை. ஒத்துப்போகாவிட்டால் சிவப்பு, எங்கோ தூசி, எங்கோ கீறல். துடைத்து, மெருகு போட்டு, மறுபடி ஏற்ற வேண்டும்.

சிவப்பு வந்த பாட்டுக் கோப்பைக் கணினியில் அவர் வைத்துக்கொண்டதே இல்லை. "தப்பானதை விட்டுவச்சா சரியானதோட கலந்துடும்" என்று அப்போதே அழித்துவிடுவார்.

கூட வேலை பார்ப்பவர்கள் அவருக்கு வைத்த பெயர் 'இன்னொருதரம்'. பூட்டிய பூட்டைப் பாதி வழியில் திரும்பிவந்து இழுத்துப் பார்க்கிற ஆள்.

"கல்யாணத்தையும் ரெண்டு தரம் யோசிச்சாராம்யா. ரெண்டு தரமும் வேண்டாம்னே வந்துச்சாம். உடனே பச்சை!" என்று ஒலிப்பதிவாளர் சொன்னால் அறையே சிரிக்கும். அவரும் சிரிப்பார்.

உண்மையில் அவர் கல்யாணத்தைப் பற்றி யோசித்ததே இல்லை. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபின் தையல் மெஷினை மிதித்து அவரை ஆளாக்கியவள் அக்கா. அவளும் கட்டிக்கொள்ளவில்லை. இருவருமாக ஒரு மாடி வீட்டில் காலம் தள்ளினார்கள்.

அந்த அக்காவுக்கு மறதி நோய் வந்தது. முதலில் நூலின் நிறம் மறந்தது, பிறகு தெரு, பிறகு தம்பி. "நீங்க யாருங்க?" என்று மரியாதையாகக் கேட்டாள். அதைக்கூட அவர் தாங்கிக்கொண்டார். குளியல்தான் பெரும்பாடாகிவிட்டது. இரண்டு கையையும் விலாவோடு இறுக்கிக்கொள்வாள். இந்த நோயில் அது சகஜம். வந்து நிற்பது யாரென்றே தெரியாதபோது, சட்டையில் கை வைத்தால் பயம் வராமல் என்ன செய்யும்? அக்குளில் புண் வைத்தது.

பகலில் பார்த்துக்கொள்ள வந்த அம்மாள் கெட்டிக்காரி. தைக்கும்போதெல்லாம் அக்கா கேட்கும் வயலின் சிடி ஒன்று மெஷின் பெட்டியில் இருந்தது. அதைப் பழைய பிளேயரில் போட்டு, குளியலறை வாசலில் முக்காலி மேல் வைத்தாள். அக்கா அடங்கி உட்கார்ந்தாள். நாலாவது பாட்டில் அவள் கை தானாக உயர்ந்தது. அந்தச் சந்தில் சட்டையை உருவித் தண்ணீர் ஊற்றியாகிவிட்டது. தினமும் அதே கதை. புண் ஆறியது.

"நாலாவது பாட்டுன்னா உங்கக்காவுக்கு உசிரு தம்பி" என்றாள் அந்த அம்மாள். "இது மட்டும் இல்லேன்னா என்னால முடியாது. நீங்க இவங்களை விடுதியிலதான் விடணும்."

குளியலுக்கு முன்பே அவர் வேலைக்குக் கிளம்பிவிடுவார். விடுமுறை நாளிலும் அக்காவுக்குக் கூச்சமாக இருக்குமென்று அந்த நேரத்துக்கு வெளியே போய்விடுவார். ஒரு நாளும் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் அந்தப் பேச்சுக்குப் பின் சிடியை எடுத்து விளக்கில் திருப்பிப் பார்த்தார். சிடி பழசு, முதுகெல்லாம் கோடு. திடீரென்று ஒரு நாள் படிக்காமல் போனால்?

ஒரு விடுமுறை நாளில் சிடியை நிலையத்துக்கு எடுத்துப்போனார். எல்லாப் பாட்டும் பச்சை, நாலாவது மட்டும் சிவப்பு. வேறு கணினியில் போட்டார், அங்கும் சிவப்பு. இரண்டு கோப்பையும் அழித்தார். மெருகு இயந்திரத்தில் பசை தடவி, கீறல் மறையும்வரை பொறுமையாகச் சுற்றவிட்டார். மறுபடி ஏற்றினார். பச்சை. இன்னொரு தரம். பச்சை. மனசு நிறைந்துபோய் வீட்டுக்கு வந்து, சிடியைப் பிளேயரில் திருப்பிப் போட்டார்.

மறுநாள் வேலைக்கு நடுவில் போன் வந்தது. "தம்பி, அக்கா என் கையைக் கடிச்சிட்டாங்க. குளிக்கலை."

அடுத்த நாள் விடுப்பு எடுத்து வாசலில் நின்று பார்த்தார். நாலாவது பாட்டு ஓடியது. ஓரிடத்தில் அக்கா முன்னால் சாய்ந்து, பிளேயரை நோக்கிக் கையை ஓங்கினாள். கை அந்தரத்தில் நின்றது. வயலின் தடங்கலில்லாமல் போய்க்கொண்டே இருந்தது. அக்கா தன் கையைப் பார்த்தாள், இவர்களைப் பார்த்தாள். கைகளை இறுக்கிக்கொண்டு அலறினாள்.

அவருக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் தைத்த அத்தனை வருஷமும் அந்த இடத்தில் சிடி சிக்கும். அக்கா மிதிப்பதை நிறுத்தி, எட்டிப் பிளேயர் தலையில் ஒரு தட்டுத் தட்டுவாள். அது நகரும். அடுத்த அறையில் உட்கார்ந்து அந்தத் தட்டலைக் கேட்டுக் கேட்டே அவருக்குக் காது மரத்துவிட்டிருந்தது.

"ஆமா, அங்க கொஞ்சம் சிக்கும், தட்டுவாங்க" என்றாள் அந்த அம்மாள். "பழைய பெட்டி அப்படித்தான்னு விட்டுட்டேன்."

"நேத்தே சொல்லியிருக்கலாமேம்மா?"

"சரி பண்ணிட்டேன்னு சொன்னீங்க. எதைச் சரி பண்ணீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

பாட்டு அதே மாதிரி சிக்கும்படி கணினியில் செய்து பார்க்க உட்கார்ந்தார். எந்த இடத்தில், எத்தனை தரம்?

"அதை யாரு எண்ணினா தம்பி? நான் அவங்க கையைப் பார்த்துட்டிருந்தேன்."

"அழிச்ச கோப்பைத் திரும்ப எடுக்க முடியாதாய்யா?" என்று ஒலிப்பதிவாளர் கேட்டார். அன்று அவர் கிண்டல் செய்யவில்லை.

"அழிச்சதையும் ரெண்டு தரம் அழிச்சேன்" என்றார்.

குறையில்லாத பாட்டு உலகமெங்கும் கிடந்தது. குறையுள்ளது அக்காவிடம் மட்டும்தான் இருந்தது. அவர் குத்துமதிப்பாக வெட்டி ஒட்டியவற்றை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார்கள். ஒரு முறை மடியில் கிடந்த கை லேசாக அசைந்தது, அவ்வளவுதான். புண் திரும்ப வந்தது. மல்லுக்கட்டி அந்த அம்மாளின் இடுப்பு தாங்கவில்லை; சொல்லிக்கொண்டு வேலையிலிருந்து நின்றுவிட்டாள்.

விடுதியில் சேர்த்த அன்று தலைமைச் செவிலி கேட்டாள்: "பாட்டு ஏதாவது கேப்பாங்களா சார்? போட்டுவிட்டா குளிப்பாட்டச் சுலபமா இருக்கும்."

"முன்னாடி கேப்பாங்க" என்றார். பையிலிருந்த பிளேயரை எடுக்கவில்லை.

"சரி, அந்தக் கையைக் கொஞ்சம் பிடிங்க, புண்ணைப் பார்த்துடுறேன்."

அவர் மெல்லப் பிரித்துப் பிடித்தார். "வலிக்குதுங்க, விடுங்க" என்றாள் அக்கா.

அவர் விட்டுவிட்டார். செவிலி அந்தக் கையைத் தானே பிடித்துக்கொண்டாள். விட்டால் மருந்து போட முடியாது.