பனியன் துணியில் தைத்த கொடி

பனியன் கம்பெனிக்கு வேலைக்கு வரும் பிள்ளைகளிடம் முதலில் ஒன்று சொல்வேன். சிங்கிள் ஜெர்சி என்கிற பனியன் துணியை வெட்டி, ஓரம் மடித்துத் தைக்காமல் விட்டால் சுருண்டுகொள்ளும். இது தெரியாதவர் திருப்பூரில் கிடையாது. தெரிந்தே ஒரு சுதந்திர தினத்தில் மாட்டிக்கொண்டோம்.

இரண்டாயிரத்துச் சொச்சம். வீரபாண்டிப் பக்கம் ஒரு கம்பெனியில் நான் க்யூ.சி. இன்சார்ஜ், தைத்ததன் தரம் பார்க்கிற வேலை. வெளிநாட்டுக்குச் சரக்கு அனுப்ப வேண்டிய ஷிப்மென்ட் நெருக்கடி. முதலாளி பொன்னுசாமி நல்ல மனிதர்தான். லீவு என்ற சொல் மட்டும் அவர் காதில் விழாது. அந்த வருடம் என்னவோ இறங்கி வந்தார்.

"காலைல எல்லாரும் வந்துருங்க. கொடி பறந்துச்சுன்னா லீவுங்க. ஊட்டுக்குப் போயிக்கலாம்."

கடையில் கொடி வாங்கட்டுமா என்று கேட்டேன்.

"ஏனுங்க, ஒலகத்துக்கே துணி தெச்சுக் குடுக்கறோம். நம்ம நாட்டுக் கொடிய வெளிய போயி வாங்கறதுங்களா?"

அவருக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. எனக்கும்தான். கட்டிங் மாஸ்டர் மூன்று கலரில் வெட்டி இணைத்தார். நடுவில் சக்கரம் பிரின்ட் ஆனது. ஓரம் மடிக்க மெஷின் கேட்டதற்கு, "எல்லா மெஷினும் ஷிப்மென்ட்ல ஓடுதுங்க, அதெல்லாம் வேண்டாம்" என்று முதலாளி முடித்துவிட்டார்.

மறுநாள் கயிற்றை இழுத்தார். பூ கொட்டியது. மேலே காவியும் கீழே பச்சையும் சுருண்டுகொள்ள, சக்கரமும் மடிப்பில் மறைய, வெள்ளை மட்டும் தெரிந்தது.

"மொதலாளி, நாம யார்ட்ட சரணடையுதோம்?" என்றாள் செல்வி. சாத்தூர்ப் பக்கத்து டெய்லர், வாய்த்துடுக்கு அதிகம். அன்று அவசரமும் அதிகம். பள்ளிக்கூட விழாவில் அவள் மகள் முதன்முதலாக மேடையேறிப் பேச இருந்தாள். அம்மா வந்தால்தான் பேசுவேன் என்று வேறு சொல்லியிருந்தாளாம்.

முதலாளி சிரிக்கவில்லை. "கொடி பறக்கலீங்களே! மெஷினை ஆன் பண்ணி ஓரத்த மடிச்சுத் தைங்க. ஆன் பண்ணுனது பண்ணியாச்சு, அப்படியே ஆளுக்கொரு பண்டல் பனியன் முடிச்சுருங்க."

செல்வியின் முகம் தொங்கிப்போனது. சட்டென்று என் பக்கம் திரும்பினாள்.

"க்யூ.சி. சார், கொடிய எறக்கிக் குடுங்க."

இறக்கிக் கொடுத்தேன். அவளும் இன்னும் மூன்று பெண்களும் ஆளுக்கொரு மூலையைப் பிடித்து இழுத்து, மேலும் கீழும் அசைத்தார்கள். மூன்று கலரும் சக்கரமும் பளிச்சென்று தெரிந்தன.

"இப்பப் பறக்குதா மொதலாளி?"

எல்லோரும் ஜெய்ஹிந்த் என்று கத்தினோம். பீகார் ஆட்கள் கத்தியதில் தகரக் கூரையே அதிர்ந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது, பொய் சொல்லவில்லை. முதலாளியும் சல்யூட் அடித்தார்.

அந்தக் கை இறங்கியதும் செல்வி தன் மூலையை அதில் வைத்தாள். "பிடிச்சுக்கிடுங்க. விட்டா சுருண்டுக்கிடும். கீழ போட்டா கொடிக்கு மரியாத இல்ல."

மற்றவர்களும் அப்படியே செய்தார்கள். அவர் கையில் இரண்டு மூலை, என் கையில் இரண்டு. மொத்தக் கம்பெனியும் கேட்டைத் தாண்டிவிட்டது. செல்வி போய்ச் சேர்ந்தபோது மகள் அப்போதுதான் மைக் முன்னால் வந்து நின்றாளாம்.

"ஏனுங்க, இத எத்தன நேரம் புடிச்சுட்டு நிக்கறதுங்க?" என்றார் முதலாளி.

"ஓரம் மடிச்சுத் தைக்கற வரைக்குங்க."

"தைக்கறதுக்கு டெய்லர் வேணுமேங்க?"

"டெய்லருக்கெல்லாம் லீவுங்க."

அன்று கற்ற பாடம் இதுதான். சுதந்திரத்தைக் கொடுத்தால் முழுசாகக் கொடுத்துவிட வேண்டும். நிபந்தனை போட்டால், போட்டவர்தான் அதைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டிவரும்.