ஈரக் கைக்கு ஏற்ற மூடி

பிள்ளைகள் தலையெடுத்த பிறகு, நாற்பத்தெட்டு வயதில்தான் அவர் அந்தச் சின்ன ஷாம்பு கம்பெனியில் போன் எடுக்கச் சேர்ந்தார். அங்கே எல்லோருக்கும் அவர் அக்கா. போட்டி நிறுவனம் பாதி விலைக்கு இறங்கியதும் மாதாமாதம் வாங்கியவர்கள் கழன்றுகொண்டார்கள்.

"நாமும் விலையக் குறைப்போம்க்கா" என்றார் இளம் முதலாளி. அக்காவுக்கு மனம் ஒப்பவில்லை. விட்டுப்போன இருநூறு பேரையும் அழைத்துக் காரணம் கேட்டார்.

"ஈரக் கையோட மூடியத் திறக்க முடியலங்க, பல்லால கடிக்க வேண்டியிருக்கு" என்றார் ஒரு பெண். பலருக்கும் அதே குறைதான்.

அக்கா ஒரு பாட்டிலோடு முதலாளியின் அறைக்குப் போனார். "கைய நனைச்சுட்டு இதத் திறங்க தம்பி."

முதலாளி மூன்று முறை முயன்றும் முடியவில்லை. அவர் முகம் சிவந்துவிட்டது.

அழுத்தித் திறக்கும் மூடி வந்ததும் அக்கா மறுபடி எல்லோரையும் அழைத்தார். நூற்றைம்பது பேர் திரும்பி வந்தார்கள். ஆறே மாதத்தில் போட்டி நிறுவனமும் அந்த மூடிக்கே மாறியது. அன்று அக்கா அலுவலகம் முழுவதற்கும் டீ வாங்கிக் கொடுத்தார்.