இன்டர்வியூ நடுவில் பிறந்த கன்று

இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. என் மகள் ஒரத்தநாட்டில் மாட்டு டாக்டருக்குப் படித்துக்கொண்டிருந்தாள். ஒரு வருஷம் வெளிநாட்டில் போய்ப் படித்தால் பெரிய வேலை கிடைக்குமாம். அதற்கான இன்டர்வியூ எங்கள் வீட்டிலேயே, செல்போனில் நடந்தது.

"முடியிற வரைக்கும் உள்ள வராதம்மா" என்று கதவைச் சாத்திக்கொண்டாள்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கொல்லைக்கும் வாசலுக்குமாக நடந்தேன். என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். கொட்டகையில் பசு கன்று போட முக்கிக்கொண்டிருந்தது. எத்தனையோ ஈற்று பார்த்தவள் நான். இருந்தும் கதவைத் தள்ளி, "கன்னு திரும்பிக் கெடக்குடி, ஓடி வா!" என்று கத்தினேன்.

போனை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தாள். கையை விட்டுப் பார்த்தவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"நேராத்தானேம்மா இருக்கு."

நான் பசுவின் முதுகைத் தடவ ஆரம்பித்தேன்.

"போக வேணாம்னா வாயத் தொறந்து சொல்லியிருக்கலாம்ல?"

கன்று விழுந்ததும் கையைக் கழுவிக்கொண்டு மறுபடி போன் முன்னால் உட்கார்ந்தாள். அவர்களிடம் என்ன சொன்னாளோ, சேர்த்துக்கொண்டார்கள்.

இப்போது அங்கிருந்து கூப்பிட்டு, "கன்னுக்குட்டியக் காட்டும்மா" என்பாள். காட்டுவேன். என் முகம் மட்டும் அதில் விழாதபடி போனைப் பிடித்துக்கொள்வேன்.