ராணி மிஸ்ஸுக்க காலிப்பர்

களியக்காவிளையில வாழைக்குலை இறக்கிட்டு நிக்கும்போதான் கூட நர்சிங் படிச்ச ஜெபினுக்க வாய்ஸ் மெசேஜ் வந்துது. "லேய், ராணி மிஸ் போயிட்டாவ. நிமோனியா. நான்தான் டியூட்டியில இருந்தேன்." எனக்கு அழுகை வரல்ல. பயந்தான் வந்துது. எதுக்குப் பயந்தாலும் நான் போன் போடுற ஆளு அவியதான். இனி யாருக்குப் போட?

மிஸ்ஸத் தெரியாதவங்களுக்குச் சொல்லுதேன். எங்க நர்சிங் காலேஜில மருத்துவ வரலாறு எடுத்தாவ. வயசு நாப்பதைத் தாண்டல்ல. பரீட்சைக்கு அதுல கேள்வி கம்மிதான். ஆனா அவிய கிளாஸ மட்டும் ஒருத்தனும் கட் அடிக்க மாட்டான்.

முதல் கிளாஸுல வந்து நாற்காலியில இருந்தாவ. வலது காலில கிடந்த காலிப்பரக் கழத்தி மேசையில டம்முன்னு வச்சாவ. ரெண்டு இரும்புக் கம்பி, தோல் பெல்ட்டு, கீழ ஒரு பூட்ஸு. கால் எனக்க மணிக்கட்டு தண்டிதான் இருந்துது.

"ரெண்டு வயசுல எனக்குக் காய்ச்சல். அம்மா தூக்கிட்டுப் போனா. தொடையில ஒரு ஊசி போட்டாவ. பிறகு அந்தக் கால் எழும்பல்ல. போலியோ கிருமி உடம்புல இருக்கும்போ ஊசி குத்தினா, குத்தின கால் விழுந்துபோவ வாய்ப்பு கூடும். வெளிநாட்டில அத முன்னமே கண்டுபிடிச்சாச்சு. எங்க ஊருக்கு வந்து சேரல்ல. போட்டவரு நல்ல மனுஷன். அவருக்குத் தெரியாது, அவ்வளவுதான். இப்ப அந்த நோய் இங்க இல்ல. ஆனா மருத்துவ வரலாறுன்னா இதான் மக்கா."

பிறகு என்னைப் பார்த்தாவ. "ஏலே கடைசி பெஞ்சு, வா. இத மாட்டி விடு. கட்டி முடிச்சதும் இறுக்கமா இருக்கான்னு கேக்கணும். அதக் கேக்காதவன் நர்ஸே இல்ல."

முட்டுபோட்டேன். கை கிட்ட வரை போச்சு. தொட முடியல்ல. எழும்பி வெளிய ஓடிட்டேன். கிளாஸே சிரிச்சுது. மிஸ் மட்டும் சிரிக்கல்லன்னு ஜெபின் சொன்னான்.

ரெண்டாம் வருஷம் வார்டுல போட்டாவ. காய்ச்சலோட ஒரு சின்னப்பிள்ளை. சிரிஞ்சு எனக்க கையில. பிள்ளைக்க அம்மா என்னையே நம்பிப் பாக்கா. எனக்கு அந்த மேசையில கிடந்த இரும்புதான் தெரிஞ்சுது. இன்னும் யாருக்கும் தெரியாத ஒண்ணு இந்த ஊசியிலயும் இருந்தா? டிரேய வச்சிட்டு வந்தவன்தான். காலேஜுக்குத் திரும்பப் போவல்ல.

மிஸ் போன் போட்டாவ.

"ஓடிட்டியா?"

"ஓடிட்டேன் மிஸ்."

"எனக்கும் ஊசின்னா இன்னைக்கு வரை நடுக்கம்தான். பயப்படாதவன வார்டுக்கு அனுப்பத்தான் எனக்குப் பயம். சரி, சாப்பிட்டியா?"

திரும்பி வான்னு ஒரு தடவைகூடச் சொல்லல்ல.

நேத்து அடக்கம். மிஸ்ஸுக்க வீட்டு ஹாலில பெட்டி. காலிப்பர் சுவத்தில சாஞ்சு நின்னுது. மிஸ்ஸுக்க மாமா சத்தம் போட்டாரு: "பரலோகத்துக்குப் போறவளுக்கு இரும்பு எதுக்கு? அங்க நல்ல கால் கிடைக்கும்."

"கிடைக்கும்போ கழத்தட்டும்," மிஸ்ஸுக்க அம்மா சொன்னாவ. "இது இல்லாம எம்பிள்ள வாசல் இறங்கினதில்ல." பிறகு என்னைப் பார்த்தாவ. "நீதானா அந்த ஓட்டக்காரப் பய? சொல்லிட்டே இருப்பா. வா, எனக்க கை ஆடுது. நீ மாட்டு."

யூனிஃபார்மோட வந்த ஜெபின் ஒரு அடி முன்ன வச்சான். அம்மா கை காட்டித் தடுத்தாவ. "நீ நில்லு. இவன் மாட்டட்டும்."

முட்டுபோட்டேன். வாசலை ஒரு தடவை பார்த்தேன், மறைக்கல்ல. கால் ஐஸு மாதிரி. பூட்ஸ மாட்டி, கெண்டைக்காலில ஒரு பெல்ட்டு, முட்டுக்குக் கீழ ஒரு பெல்ட்டு போட்டேன். பயம் போயிட்டுன்னு சொன்னா பொய். இத எழுதும்போகூட விரலில அந்தக் குளிர் கிடக்கு.

கட்டி முடிச்சாக் கேக்கணுமே. எல்லாருக்கும் கேக்கும்படிதான் கேட்டேன்.

"இறுக்கமா இருக்கா மிஸ்?"

மூடியத் தூக்கிட்டு வந்தவங்க அப்படியே நின்னாவ. நானும் கொஞ்ச நேரம் மிஸ் முகத்தையே பார்த்துட்டு இருந்தேன். பிறகு மேல் பெல்ட்ட ஒரு ஓட்டை தளத்தி விட்டேன்.

நடந்து போங்க மிஸ். மெதுவா.