மயக்கம் என்று பதிந்த வலிப்பு

வெள்ளவத்தையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் பதிவறையில் எனக்கு வேலை. நோயாளி வீட்டுக்குப் போனபின் அவருடைய டிக்கட் எங்களிடம் வரும். டிக்கட் என்றால் கட்டிலடியில் தொங்குகிற, டொக்டர்மார் எழுதுகிற தாள்கட்டு. அதைப் படித்து நோய்க்குரிய இலக்கத்தை மேல்மூலையில் போட வேண்டும். இருபது வருடமாகப் போட்ட இலக்கங்கள் இனிச் செல்லாது, புது முறை வருகிறது, எல்லோரும் ஒரு கிழமை வகுப்புக்கு வர வேண்டும் என்றார்கள். மற்றவர்கள் முகம் சுளித்தார்கள். எனக்கோ உள்ளூரச் சந்தோஷம். எதையும் நோண்டிப் பார்க்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

படிப்பிக்க வந்தவள் நுகேகொடையிலிருந்து வந்த ஒரு சிங்களப் பிள்ளை, என் மகளின் வயது. கம்ப்யூட்டரில் நோயைத் தேடினால் இலக்கம் வரும். எப்படி வந்தது, எந்தப் பக்கம், எவ்வளவு கடுமை என்று அது திருப்பிக் கேள்வி கேட்கும். முதல் நாளே நான் தலையில் தேங்காய் விழுந்ததற்கு இலக்கம் தேடினேன். மேலிருந்து விழுந்த பொருள் என்று பொதுவாகத்தான் இருந்தது. தென்னையைக் கண்ணால் காணாதவர்கள் எழுதியிருக்கிறார்கள் என்று சொன்னேன். வகுப்பே சிரித்தது.

மூன்றாம் நாள் பயிற்சிக்காக ஆளுக்குப் பத்துப் பழைய டிக்கட் தந்தாள். புது இலக்கம் போட்டு, பழையதோடு ஒப்பிட வேண்டும். எனக்கு வந்த பத்தில் நாலாவது டிக்கட்டில் என் கையெழுத்தே இருந்தது.

"மே மொகக்த மிஸ்?" இது என்ன என்று அவள் குனிந்து கேட்டாள். முதல் பக்கத்தில் டொக்டர் வலிப்பு என்று எழுதிப் பக்கத்தில் கேள்விக்குறி போட்டிருந்தார். கடைசிப் பக்கத்தில் சோதனை முடிவு வந்தபின் கேள்விக்குறி இல்லை, வலிப்பேதான். நான் போட்டிருந்தது மயக்கத்துக்கான இலக்கம். கடைசிப் பக்கத்தைப் பார்க்காமல் விட்டேன் என்று சமாளித்தேன். பிழை என்னுடையது, கோபம் மட்டும் அவள்மேல் வந்தது.

பார்க்காமல் விடவில்லை. டொக்டர் கேள்விக்குறி போட்டால் நோய் எங்கள் கைக்கு வந்துவிடும். அதில் மெல்லியதாக ஒன்றைத் தெரிந்தெடுத்துப் போடுவோம். பதிவறையில் அது எழுதாத வழக்கம். அந்த டிக்கட்டுக்குரிய பெண்ணுக்கு அப்போது கலியாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டாருக்குத் தெரிந்தவர்கள் இந்த ஆஸ்பத்திரியிலும் இருந்தார்கள். தாய் என் மேசைக்கு முன்னால் நின்று அழுதார். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கலியாணம் என்பார்கள். அதில் ஒன்றை நான் எழுதிக் கொடுத்தேன்.

பழைய முறையில் அந்த டிக்கட் அலுமாரியில் தூங்கியிருக்கும். புது முறையில் நோயாளியின் இலக்கத்தைத் தட்டியதும் பழைய நோய்களெல்லாம் டொக்டரின் திரையில் மேலே வந்து நிற்கும். தட்டிப் பார்த்தேன். அந்தப் பெண்ணுக்கு இப்போது ஏழாம் மாதம், நாளை வியாழக்கிழமை கிளினிக். மயக்கம் என்றே விட்டால், பிரசவத்தில் வலிப்பு வரும்போது டொக்டர் எதை நம்புவார்? திருத்தினால், பக்கத்துக் கதிரையில் புருஷன் இருந்து வாசிப்பான். அன்று இரவு எனக்கு நித்திரை இல்லை.

வியாழக்கிழமை அவன் மருந்து வாங்கப் போன நேரம் அவளை ஓரமாகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அவருக்குத் தெரியும் அன்ரி. கலியாணத்துக்கு முந்தியே நான் சொல்லிப்போட்டன்."

"டொக்டருக்கு?"

"முதல் நாளே இவர்தான் சொன்னவர். அம்மாக்குத்தான் தெரியாது, இவருக்குத் தெரியுமெண்டு. இப்பவும் என்ர வலிப்புக் குளிசையை விற்றமின் போத்தலுக்குள்ள போட்டு, இவர் இல்லாத நேரமாப் பாத்துத்தான் தாறா."

"அம்மாட்டச் சொன்னா என்ன?"

"எனக்காக எத்தனை பேரிட்டப் பொய் சொல்லியிருப்பா? எல்லாம் வீண் எண்டு எப்பிடிச் சொல்லுறது? நீங்களும் சொல்லிப்போடாதேங்கோ. அதைத் திருத்திவிட்டாலே காணும்."

வகுப்புக்கு ஓடினேன். மாற்றம் செய்தால் காரணம் எழுத வேண்டும் என்று கம்ப்யூட்டர் ஒரு பெட்டியைத் திறந்தது. கவனக்குறைவு என்று தட்டினேன். மனம் கேட்கவில்லை. அழித்துவிட்டு, தெரிந்தே செய்த பிழை என்று எழுதினேன். படிப்பிக்கிற பிள்ளை பின்னால் நின்று வாசித்துவிட்டு அடுத்த மேசைக்குப் போனாள். வெட்கமாக இருந்தது, ஆனாலும் நெஞ்சு லேசானது.

மத்தியானம் மகளுக்குச் சாப்பாட்டோடு வந்த அந்தப் பெண்ணின் தாய் என்னைத் தேடிப் பதிவறைக்கே வந்துவிட்டார். முன்பைவிட மெலிந்திருந்தார். கதவைச் சாத்திவிட்டுக் கிட்ட வந்தார்.

"தங்கச்சி, புதுக் கம்ப்யூட்டர் எல்லாத்தையும் காட்டுமாமே? பிள்ளையின்ர அது... நீங்கள் எழுதினமாதிரியேதானே இருக்குது?"

மூன்று நாள் படித்ததெல்லாம் என் தொண்டைவரை வந்தது.

"ஓம் அக்கா," என்றேன். "மயக்கமெண்டுதான் இருக்குது."